எதிர்க்கரைப் பெண்ணின் மணிக்கட்டு

நவம்பர் 4, செவ்வாய்

விடிகாலையிலிருந்து தூறல். என் கடைக்கு ஐஸ் வண்டி லேட். வந்த பார் ஐஸும் ஓரமெல்லாம் கரைந்து, குளித்துவிட்டு வந்தவன் மாதிரி சொட்டிக்கொண்டு. உடைத்து, பெட்டிகளில் அள்ளிப் போட்டு, படகுக்காரர்களை அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது பத்து மணி. இடுப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

பரீட்சை தேதி வந்துவிட்டது. 16, ஞாயிறு. பழவேற்காட்டில் நாங்கள் பழகுகிற அதே புயல் பாதுகாப்பு மையத்து மாடி. சென்னையிலிருந்து பெரிய சார் ஒருவர் வந்து பார்ப்பாராம். பிரவுன் பெல்ட்.

நாங்கள் பழகுகிற ஜப்பான் சண்டைக் கலை ஐகிடோவில், இந்தப் பரீட்சைக்கு முக்கியமானது கோதேகாயேஷி என்கிற பிடி. முழுதாக எழுத எனக்குப் பொறுமை இல்லை, இனி கோ.கா. வயிற்றில் குத்த வருகிற கையை விலகி நின்று பிடிக்க வேண்டும். மணிக்கட்டை வெளிப்பக்கம் திருப்பி ஆளை மல்லாக்கப் போட வேண்டும். விடாமல் தலைப்பக்கம் சுற்றிவந்து குப்புறப் புரட்டி, கையைச் செங்குத்தாக நிறுத்தி அமுக்க வேண்டும். கீழே கிடப்பவள் பாயைத் தட்டினால் விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான். பதினைந்து வயதிலிருந்து ஐஸ் உடைக்கிற கை இது.

என் ஜோடி தேவி. ஏரிக்கு எதிர்க்கரை ஊர்க்காரி, இறால் தரம் பிரிக்கிற ஷெட்டில் வேலை. வகுப்பு தொடங்கிய அன்று மொத்தக் கூட்டத்தில் நாங்கள் ரெண்டு பேர்தான் புடவையில் போய் நின்று திட்டு வாங்கினோம். அன்றிலிருந்து சேர்ந்தே இருக்கிறோம். என்னைவிட உயரம், என்னைவிட ஒல்லி, என்னைவிட வாய். திட்டியது ஹேமா மேடம். பொன்னேரியில் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர், எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் புதனும் ஞாயிறும் பஸ் பிடித்து வருகிறார்.

மேடம் இன்று போனில்: "ஜோடி மாத்த முடியாது ரேவதி. நீ தேவியப் போடணும், அப்புறம் தேவி உன்னப் போடணும். ஒருத்தி வரலன்னா ரெண்டு பேருக்கும் கிடையாது."

யார் வராமல் போகப் போகிறார்கள்.

வாங்க: கைக்குத் துணிக்கட்டு, தைலம், வீட்டுக்காரருக்கு வலை நூல், உளுந்து.

நவம்பர் 5, புதன்

வகுப்புக்குப் போகவில்லை. ஊரே தலைகீழ்.

ஏரியில் எங்கள் ஊருக்கு இறால் வலை கட்டுகிற இடம் முகத்துவாரத்துக்கு உள்ளே. யார் வேண்டுமானாலும் போய்க் கட்டிவிட முடியாது. சீட்டுப் போட்டு முறை பிரித்து வைத்திருக்கிறது, அதற்குப் பேர் பாடு. எங்கள் வீட்டுப் பாடு இந்த மாதம் 18-ம் தேதி. நேற்று ராத்திரி எதிர்க்கரை ஆட்கள் வந்து எங்கள் இடத்தில் வலை கட்டிவிட்டார்கள். விடிந்ததும் நம்ம ஆட்கள் போய் அறுத்துவிட்டார்கள். துடுப்பு வீச்சு. நம்மவர் ஒருவருக்குத் தலையில் தையல், அவர்களில் ஒருவருக்குக் கை உடைந்ததாகப் பேச்சு.

சாயங்காலம் கோயில் மைக்கில் கூட்டத்துக்கு அழைப்பு. முடிவு: எதிர்க்கரையோடு பேச்சு இல்லை. கொடுக்கல் வாங்கல் இல்லை. கல்யாணம் சாவு இல்லை. ஐஸ் இல்லை (இதைச் சொல்லும்போது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்). அவர்களும் இதையேதான் அங்கே அறிவித்திருப்பார்கள்.

"மீறி எவனாச்சும் பேசினான்னு தெரிஞ்சிச்சி, அந்த வூட்டுக்கு இந்த மொற பாடு கெடியாது. ஆம்பள பொம்பள அல்லாருக்குந்தான்." சொன்னது ஊர்த் தலைவர். என் மாமனாருக்குச் சித்தப்பா மகன், எனக்கு மாமா முறை.

என் வீட்டுக்காரர் கூட்டம் கலைந்ததும் எழுந்து நடந்தார். வந்து சாப்பிட்டார், வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.  எவனோ ராத்திரியில் வலைக்குக் குச்சி நட்டதற்கு என் பெல்ட் போக வேண்டுமா?

நவம்பர் 6, வியாழன்

மழை இல்லை. வாடைக்காற்று மட்டும்.

ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையிலேயே தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். மாமா பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ரேவதி, காத்தாலயே?"

"ஒண்ணு கேக்கணும் மாமா. எதிர்க்கர ஆளுங்ககிட்ட பேசக் கூடாது, செரி. கீழ தள்ளலாமா?"

பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

"இன்னாது?"

"எனக்கு ஒரு பரீச்ச கீது. அவங்க ஊரு பொண்ணு ஒருத்தி என்ன குத்த வருவா. நான் அவ கைய முறுக்கி, மல்லாத்தி, அப்பால குப்புறப் போட்டு அமுக்கணும். ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"அவங்க ஊரு பொண்ணயா? குப்புறவா?"

"மூஞ்சி பாயில ஒட்டுற மாதிரி மாமா."

துப்பினார். வாயைக் கழுவினார். சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு. "போய் அமுக்கு. நல்லா அமுக்கு. பேச்சு மட்டும் வச்சிக்காத."

அனுமதி கிடைத்தது. மீதிப் பாதியை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்வது என் வழக்கம் இல்லை.

தேவி அவள் ஊரில் என்ன சொல்லிச் சமாளிப்பாளோ தெரியவில்லை. போன் பண்ண முடியாது. இந்த வழியை மேடம் மூலம் சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

தேவி வந்தாள்! வழியெல்லாம் வருவாளோ மாட்டாளோ என்று எண்ணிக்கொண்டே போனேன். மாடி ஏறிப் பார்த்தால் அவள் ஏற்கெனவே பாய் விரித்துக்கொண்டிருக்கிறாள். ஊரில் அவளும் அதையே சொல்லி வாங்கியிருக்கிறாளாம், மேடம் மூலம் தெரிந்தது. "ரேவதிய போட்டு அமுக்கப் போறேன்னாளாம், கை தட்டி அனுப்பி வச்சாங்களாம்." மேடத்துக்கு ஒரே சிரிப்பு. எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

பேச்சில்லாமல் தொடங்கினோம். மற்ற நாளில் நாங்கள் ரெண்டு பேரும் பேசுகிற பேச்சுக்கு மேடம் விசில் ஊதுவார். இன்று காற்றுச் சத்தம் மட்டும்.

அவள் குத்தினாள். விலகினேன். பிடித்தேன். திருப்பினேன். தேவி நிற்கிறாள்.

மறுபடி. பிடித்தேன், முறுக்கினேன், இழுத்தேன். நிற்கிறாள். அவள் முகத்திலும் குழப்பம். வேண்டுமென்று நிற்கவில்லை, சத்தியமாக.

கடைசியில் புரிந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இத்தனை நாளும் நான் கையைத் தொட்டதும் தேவி "வுழறேன்க்கா" என்பாள். நான் "ம்" என்பேன். அவள் விழுவாள். அவளுக்கு நானும் அப்படித்தான், "ஆன், இப்ப" என்று சொல்லிவிட்டு விழுவேன். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் உதவியாக விழுந்து விழுந்து பச்சை பெல்ட் வரை வந்திருக்கிறோம். நான் யாரையும் போட்டதே இல்லை. பேச்சுதான் போட்டிருக்கிறது.

மேடம் வந்து என் கையைப் பார்த்தார். "இழுக்கற நீ. படகு கயிறா இது? உன் பக்கம் இழுத்தா அவளுக்கு நிக்க நீயே முட்டு குடுக்கற. அவ சுண்டு விரல் பக்கம் கட்டைவிரல வை. அவ கைய அவகிட்டயே மடிச்சிக் குடு."

எங்கள் ஊரில் எதைப் பிடித்தாலும் இழுப்போம். வலை, கயிறு, நங்கூரம், குடித்துவிட்டு விழுந்து கிடக்கிற புருஷன். மடித்துத் திருப்பிக் கொடுப்பது கையில் இல்லை.

இன்று ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வந்து உளுந்தை ஊறப் போடவும் மறந்தேன்.

நவம்பர் 12, புதன்

நல்ல மழை. மாடியில் ஒரு மூலை ஒழுகல், பாயை நகர்த்திப் போட்டோம்.

வந்துவிட்டது! கோ.கா. வந்துவிட்டது!

எப்படி என்றால்: அவளைப் பார்க்கவில்லை. அவள் மணிக்கட்டை மட்டும் கவனித்தேன். குத்து முடிகிற இடத்தில் தேவியின் எடை முன்காலுக்கு வருகிறது, அது கை வழியாகவே தெரிகிறது. அந்த நேரத்தில் ஒரு கால் பின்னே எடுத்து, அவள் விரல்கள் மேல் என் இன்னொரு கையை வைத்து மடித்தேன். பலமே போடவில்லை. பாயில் தொபீர். மல்லாக்க விழுந்து என்னைப் பார்த்து அவள் கண் விரிந்தது. பேசக் கூடாதே என்று ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

அப்புறம் அவள் முறை. அவள் நுணுக்கக்காரி, நாள் முழுக்க இறாலைத் தொட்டே அளவு சொல்கிற விரல். மூன்றாவது தடவையிலேயே நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமை. கொஞ்சம்தான்.

ஒன்று மட்டும் தேவிக்குச் சரியாக வரவில்லை. குப்புறப் போட்டு அமுக்குகிற இடம். நான் முகம் சுளித்தால் போதும், தளர்த்திவிடுகிறாள். மேடம் கத்தினார்: "அவ தட்டற வரைக்கும் விடாத தேவி! பரீட்சைல லூசா பிடிச்சா ஃபெயில்தான். தட்டறது ரேவதி வேல, உன் வேல இல்ல!"

ஆமாம், என் வேலை. தட்டிவிட்டால் போச்சு.

நவம்பர் 14, வெள்ளி

வெயில், உப்புக் காற்று. வியாபாரம் மந்தம். எதிர்க்கரைப் படகுகள் வராமல் பாதி ஐஸ் தரையில் ஓடுகிறது.

மதியம் தலைவர் மாமா கடைக்கே வந்தார். கூட நாலைந்து பேர். ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து எல்லாரும் பார்க்க வருகிறார்களாம். எதிர்க்கரையிலும் வேன் வைத்திருக்கிறார்களாம்! மஜாவாக இருக்கும் என்கிறார். அப்போதுதான் பக்கத்துக் கருவாட்டுக்கடை வசந்தா அக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல்:

"அப்பால அந்தப் பொண்ணும் இவள போடுமாமே?"

மாமா முகம் மாறியது.

"இன்னா ரேவதி?"

"மொதல்ல நான் போடுவேன் மாமா. அப்பால அவ. மொறதான். பாடு மாதிரி."

"எங்கிட்ட டபாய்க்கற நீ. நம்ம ஆளு தலையில தையல் போட்டுக்கினு படுத்துனு கீறான். அவங்க ஊரு பொண்ணு உன்ன குப்புறப் போட்டு அமுக்கறத ஊரே வேன் வச்சி வந்து பாக்கணுமா?"

"அது பரீச்ச மாமா."

"செரி, வுழுந்துத் தொல. கால் வழுக்கிச்சின்னு சொல்லிக்கலாம். ஆனா தரைய தட்டுவியாமே, தோத்துட்டன்னு? அத மட்டும் பண்ணிடாத."

தட்டுவது தோற்றதற்கு இல்லை, போதும் என்பதற்கு என்று விளக்கினேன். யார் காதில் விழுந்தது? அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர். தலையில் தையல் போட்டுக்கொண்டவன் அவர் தங்கை மகன்.

ராத்திரி அவரிடம் கேட்டேன், என் வீட்டுக்காரரிடம்.

"நான் தட்டலன்னா தேவி ஃபெயில். தட்னா ஊருக்கு மூஞ்சி காட்ட முடியாது. நீ இன்னா சொல்ற?"

"நீதான அங்க படுத்துனு இருக்கப் போற. நான் இன்னாத்த சொல்றது."

மனுஷன் இவ்வளவுதான் பேசுவார். நான் முடிவு பண்ணிவிட்டேன். தட்டப் போகிறேன். சத்தமாகவே தட்டப் போகிறேன். பயமெல்லாம் ஒன்றும் இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

தோள் வலியில் எழுத்து கோணல். முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் வானம் மூட்டம், மழை இல்லை. மாடியில் இடது சுவரோரம் நம்ம ஊர், வலது சுவரோரம் எதிர்க்கரை, நடுவில் பாய். சென்னை சார் சின்னதாக, மெலிந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். ரெண்டு கூட்டத்தையும் பார்த்துவிட்டு மேடத்திடம் "எப்பவும் இவ்வளவு பேர் வருவாங்களா?" என்று கேட்டார். மேடம் குனிந்து பாயின் ஓரத்தைச் சரிசெய்தார்.

முதலில் நான். தேவி குத்தினாள், நிஜமான குத்து. விலகினேன், மணிக்கட்டு கைக்குள் வந்தது, மடித்தேன், போட்டேன். தலைப்பக்கம் சுற்றிவந்து, முழங்கையைத் தள்ளிக் குப்புறப் புரட்டி, மண்டி போட்டு, அவள் கையை என் முழங்கை மடிப்பில் பூட்டித் தலைப்பக்கம் சாய்த்தேன். டப் டப். விட்டேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. நம்ம சுவரில் விசில். யாரோ "போடு ரேவதி!" என்றான், போட்டு முடித்த பிறகு.

வலது சுவரோரம் கைகளைக் கட்டிக்கொண்டார்கள். தேவியின் அண்ணன் தரையைப் பார்த்தபடி நின்றார்.

அடுத்து அவள். நான் குத்தினேன், குறைக்காமல் குத்தினேன். எங்கே பிடித்தாள் என்றே தெரியவில்லை. கூரை தெரிந்தது, பிறகு பாய் தெரிந்தது. மூக்கில் பழைய ரப்பர் வாசனை. என் கை மேலே அவள் பிடியில். வலது சுவரில் விசில். இடது சுவரில் தலைவர் மாமா குரல்: "தட்டாதமே!" அப்புறம் எல்லாரும். "தட்டாத! தட்டாத!"

தட்ட வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு பண்ணியிருந்தேன். இடது கை பாய் மேல் சும்மா கிடந்தது. தூக்க முடியவில்லை. கூச்சல் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவ்வளவு தைரியமும் எங்கே போயிற்றோ.

வலி ஏறியது. நான் பல்லைக் கடித்தேன். அதைப் பார்த்துவிட்டாள் போல, பிடி மெல்லத் தளர்வது தோளில் தெரிந்தது. அவள் விடப் போகிறாள். அவள் பெல்ட் போகப் போகிறது. குனிந்து என் காதோரம், பல்லி கத்துகிற அளவுக்கு:

"அக்கா, நோவுதா?"

ஊர்க் கட்டுப்பாட்டுக்குப் பிறகு அவள் குரலை இன்றுதான் கேட்கிறேன். அழுகை வந்துவிட்டது எனக்கு.

"இல்லடி. வுடாத. திருப்பு."

திருப்பினாள். முழுதாகத் திருப்பினாள். இப்போது நிஜமாகவே தாங்க முடியாது. இடது கை தானாக எழுந்தது. தட்டினேன். ஒருமுறை இல்லை, மூன்று நான்கு முறை, கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும்.

விட்டாள். எழுந்து எதிரெதிரே உட்கார்ந்து வணங்கினோம். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

நம்ம ஊர் வேன் என்னை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. என் வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முடிவு நாளைக்குப் போனில் என்றார் மேடம். பஸ்ஸில் வந்தேன். தோளுக்குத் தைலம். சாப்பிடவில்லை.

நவம்பர் 17, திங்கள்

ஐஸ் வாங்க ஒருவரும் வரவில்லை. வசந்தா அக்கா மட்டும் ஒரு கூடை, அதுவும் என் முகத்தைப் பார்க்காமல்.

மதியம் மேடம் போன். முடிவு சொன்னார். வீட்டுக்காரர் கரையில் படகோடு இருந்தார், சொல்ல ஆள் இல்லை. சுவரிடம் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஆறு மணிக்கு மைக். ரேவதி வரவும் என்று.

தட்டியதற்குத்தான் என்று நினைத்துப் போனேன். அது இல்லை. யாரோ போனில் வீடியோ எடுத்திருக்கிறான், அதில் என் வாய் அசைவது தெரிகிறது. எல்லாரும் ஒருமுறை பார்த்தார்கள், பெரிதாக்கி இன்னொரு முறை பார்த்தார்கள். சத்தம் கேட்கவில்லை, கூச்சல்தான் கேட்கிறது.

தலைவர் மாமா அம்மன் முன்னால் தட்டில் கற்பூரம் கொளுத்தச் சொன்னார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல்:

"நாளிக்கு உன் வூட்டுப் பாடு. வலியில மொனகினேன், பேசலன்னு சொல்லு. கற்பூரத்த கையால அணச்சி சத்தியம் பண்ணிட்டு வூட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். என் வீட்டுக்காரர் தூணோரம் நின்றார். நாளைக்கு என்று பகல் முழுக்க வலையெல்லாம் சீர்பண்ணி, குச்சிகள் கட்டி, படகில் ஏற்றி வைத்திருக்கிறார். அவரைப் பார்த்தேன். அவர் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை நீட்டினேன். சூடு உள்ளங்கையில் ஏறியது. அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லவே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு எந்தப் பொய்யாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். தேவியின் குரல் காதோரம் அப்படியே இருக்கிறது.

கையை எடுத்துக்கொண்டேன்.

"பேசினேன் மாமா. வுடாத, திருப்புன்னு சொன்னேன். அவ எதுவும் பேசல, நான்தான்."

இந்தப் பொய்யை மட்டும் சேர்த்துக்கொண்டேன். அவள் ஊர்க் காதுக்கும் போகுமே.

 மாமா தன் தலையைத் தடவிக்கொண்டார். அப்புறம் சீட்டில் அடுத்த பேரைப் படித்தார். நாளைப் பாடு அந்த வீட்டுக்கு.

வீடு வரை என் வீட்டுக்காரர் முன்னால், நான் பின்னால். வழியில் படகில் இருந்த வலையை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். திட்டினால் திட்டட்டும் என்று காத்திருந்தேன். வாசலில் வலையைப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"அந்தப் பொண்ணு பாஸா?"

"பாஸ்."

"நீ?"

"நானுந்தான்."

"செரி. காத்தால என்ன எழுப்பாத" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.